டெஸ்க்டாப் கணினியை டிவி ரிமோட்டால் இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் டிவியோடு ஒரு பழைய டெஸ்க்டாப்பை இணைத்து வைத்திருக்கிறேன். படம், பாட்டு எல்லாம் அதில்தான். சோபாவில் சாய்ந்த பிறகு மவுஸைத் தேடி எழுந்திருப்பது அலுத்துப்போய் ரிமோட்டுக்கு மாறினேன். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டிலும் செய்ய முயன்ற நண்பர்கள், உறவினர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ், விண்டோஸ் பற்றிக் கொஞ்சம்.

ஒரு வார்த்தை: கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கட்டளையின் சுருக்கெழுத்துகளைத் தமிழில் எழுதினால் குழப்பம் வரும் என்பதால் முழுப்பெயரையே தருகிறேன். கீ பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘கீ’ என்ற சொல்லும் ஓர் அடிக்கோடும் உண்டு. ஒவ்வொரு முறையும் அதை எழுதவில்லை.

பட்டனை அமுக்கினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

ரிமோட்டின் முனையில் உள்ள எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நொடிக்கு ஏறக்குறைய 38,000 முறை துடிக்க விடுகிறது. கணினியோடு இணைத்திருக்கும் ரிசீவர் அந்தத் துடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற வெளிச்சத்தை ஒதுக்கிவிடும். துடிப்பு எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் செய்தி இருக்கிறது. பல டிவி ரிமோட்டுகள் பேசும் என்இசி முறையில் முதலில் 9 மில்லிசெகண்ட் துடிப்பு, 4.5 மில்லிசெகண்ட் மௌனம், அப்புறம் 32 பிட்: சாதனத்தின் முகவரி, அதையே தலைகீழாக்கி (0ஐ 1ஆக, 1ஐ 0ஆக மாற்றி) ஒருமுறை, பட்டனின் எண், அதையும் தலைகீழாக்கி ஒருமுறை. பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் 36 கிலோஹெர்ட்ஸ், 14 பிட். சோனிக்குத் தனி முறை, 40 கிலோஹெர்ட்ஸ்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் இதைப் படித்து ஓர் எண்ணாக்கும். அதற்கு ஸ்கேன்கோடு என்று பெயர். அந்த எண்ணுக்கு எந்தக் கீ என்பதைச் சொல்லும் அட்டவணை கீமேப். அதில் கிடைத்த கீ டெஸ்க்டாப்புக்குப் போய், அங்கிருந்து நீங்கள் ஓட்டும் புரோகிராமுக்குப் போகும். ஆக மூன்று வாசல்: கெர்னல் படிப்பது, கீமேப், டெஸ்க்டாப். மூன்றாவது வாசலில் மாட்டிக்கொண்ட கோளாறுக்கு முதல் வாசலில் மருந்து தேடித்தான் பலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறார்கள், நானும் தொலைத்திருக்கிறேன். எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சரிசெய்வதைக் கூடியவரை நடு வாசலில், அதாவது கீமேப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த ரிசீவர் வாங்குவது?

விண்டோஸ் மீடியா சென்டர் காலத்து யுஎஸ்பி ரிசீவர் கையில் கிடைத்தால் விடாதீர்கள். லினக்ஸ் அதை எம்சிஇ-யுஎஸ்பி என்ற டிரைவரால் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பழைய டிவி டியூனர் கார்டுகளில் ரிசீவர் சேர்ந்தே வரும். இன்டெல்லின் நக் குட்டிக் கணினிகளில் பல மாடல்களின் முகப்பிலேயே இருக்கிறது. ஃப்ளிர்க் என்ற யுஎஸ்பி குச்சி வேறு ரகம்: கீமேப்பைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கணினியிடம் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும். அதற்கு அதன் சொந்த மென்பொருள் வேண்டும்.

சாலிடரிங் கை வரும் என்றால் டிஎஸ்ஓபி 1738 போன்ற மூன்று கால் சில்லு போதும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பேரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். ஆனால் அதை நேராக யுஎஸ்பியில் செருக முடியாது, நடுவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். ஏடிமெகா 32யு4 உள்ள ஆர்டுயினோ போர்டு தன்னைக் கீபோர்டாகக் காட்டிக்கொள்ளும் என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தம். ஓர் எச்சரிக்கை: 1738க்கும் சந்தையில் கிடைக்கும் 1838க்கும் கால்களின் வரிசை வேறு. மாற்றி இணைத்தால் சில்லு சுடும், அப்புறம் புதிது வாங்க வேண்டியதுதான்.

ரிமோட் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மொபைல் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டி அமுக்குங்கள். வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மின்னினால் ரிமோட் நலம். சில போன்களின் பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும். அப்போது முன் கேமராவில் பாருங்கள். டிவியில் செருகும் ஸ்டிக்குகளோடு வரும் ரிமோட்டுகள் பலவும் அந்த ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசுபவை. அவற்றில் டிவியின் வால்யூமுக்கும் பவருக்கும் மட்டும் அகச்சிவப்பு இருக்கலாம், மற்ற பட்டன்களில் ஒன்றும் மின்னாது.

ஒவ்வொரு பட்டனின் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐஆர்-கீடேபிள் என்ற கருவி வேண்டும். லினக்ஸ் வகைகளில் டெபியனிலும் உபுண்டுவிலும் அதே பெயரில் தனி பேக்கேஜ். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் வி4எல்-யூடில்ஸுக்குள் இருக்கும். வெறுமனே ‘ஐஆர்-கீடேபிள்’ என்று அடித்தால் கணினியில் இருக்கும் ரிசீவர்களையும், ஒவ்வொன்றும் புரிந்துகொள்ளும் முறைகளையும் காட்டும். பெயர் ஆர்சி0, ஆர்சி1 என்று வரும்.

அடுத்தது, ‘சூடோ ஐஆர்-கீடேபிள் --கிளியர் --புரோட்டோகால் ஆல் --டெஸ்ட்’. இதற்கு மூன்று வேலை: இருக்கும் அட்டவணையை அழிக்கும், எல்லா முறைகளையும் திறந்துவிடும், வருவதைத் திரையில் எழுதும். அழிக்காமல் சோதித்தால் நீங்கள் அமுக்கும் ஒவ்வொரு பட்டனும் அந்த டெர்மினலுக்குள்ளேயே போய் வேலையைக் காட்டும். ஒருமுறை அப்படிப் பவர் பட்டனையும் அமுக்கித் தொலைத்தேன்.

இனி ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக அமுக்கி எண்ணைக் குறியுங்கள். எடுத்துக்காட்டுக்கு என் கையில் இருப்பது எல்ஜி டிவி ஒன்றின் பழைய ரிமோட். முறை என்இசி, முகவரி 4. எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) வரும்: பவர் 408, வால்யூம் ஏற்ற 402, இறக்க 403, மியூட் 409, மேல் 440, கீழ் 441, இடது 407, வலது 406, ஓகே 444. முன்னால் இருக்கும் 4 முகவரி, பின்னால் இரண்டு இலக்கம் பட்டன். இந்தக் கட்டமைப்பு கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், தப்பாகக் குறித்த எண் தானாகவே தனித்துத் தெரியும்.

ரிமோட்டின் முறை தெரிந்தபின் ‘ஆல்’ தேவையில்லை, அந்த ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் திறந்துபோட்டால் சிஎஃப்எல் விளக்கின் ஒளித் துடிப்பைக்கூட ஏதோ பட்டன் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

என் ரிசீவர் அந்தப் பட்டியலிலேயே வரவில்லையே?

அப்படியானால் அது தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும் ரகமாக இருக்கலாம். மலிவாக ரிமோட்டோடு சேர்த்து விற்கும் யுஎஸ்பி ரிசீவர்கள் பலவும் இப்படித்தான். எண்ணைக் கீயாக்கும் வேலை அதற்குள்ளேயே முடிந்துவிடுவதால் ஐஆர்-கீடேபிளுக்கு அங்கே வேலை இல்லை. அதே ரிசீவரோடு வேறு ரிமோட்டையும் பெரும்பாலும் பயன்படுத்த முடியாது.

ஆனால் பட்டனின் அர்த்தத்தை மாற்றலாம். இவ்டெஸ்ட் என்ற கருவியை ஓட்டி, பட்டனை அமுக்கி, எம்எஸ்சி-ஸ்கேன் என்று வரும் எண்ணைக் குறியுங்கள். என்டருக்கு அது 70028, மேல் அம்புக்கு 70052. ஈடிசி அடைவில் யுடேவ் (சாதனங்களைக் கவனிக்கும் பகுதி), அதற்குள் எச்டபிள்யூடிபி.டி; அங்கே ஒரு கோப்பு. முதல் வரியில் ரிசீவரின் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும், அடுத்தடுத்த வரிகளில் ‘இந்த எண்ணுக்கு இந்தக் கீ’ (இங்கே மட்டும் கீ பெயருக்கு முன்னால் ‘கீ’ என்ற சொல்லும் அடிக்கோடும் வேண்டாம், பெயர் சிறிய எழுத்தில்). பிறகு ‘சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்’, அதன்பின் ‘யுடேவ்ஏடிஎம் ட்ரிக்கர்’. சிக்கவைக்கும் இடங்கள் இரண்டு: தயாரிப்பாளர் எண்ணில் வரும் எழுத்துகள் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், கீ வரிகள் ஓர் இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும். இரண்டில் எது தப்பினாலும் உங்கள் கீ மாறாமல் அப்படியே இருக்கும்.

கீமேப் கோப்பை எப்படி எழுதுவது?

எழுதாதீர்கள். நகலெடுங்கள். லிப் அடைவில் யுடேவ், அதற்குள் ஆர்சி_கீமேப்ஸ் என்ற இடத்தில் நிறைய ரிமோட்டுகளுக்கான கோப்புகள் ஏற்கெனவே கிடக்கின்றன. உங்களுடையதைப் போல என்இசி முறையில் இருக்கும் ஒன்றை எடுத்து, ஈடிசியில் உள்ள ஆர்சி_கீமேப்ஸ் அடைவுக்குள் உங்கள் பெயரில் வையுங்கள். அந்த அடைவு இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே எண்களையும் கீ பெயர்களையும் மட்டும் மாற்றுங்கள். இப்போது புழக்கத்தில் உள்ளது டாமல் வடிவம். எண், சமக்குறி, மேற்கோள்குறிக்குள் கீ பெயர். ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனாலும் கோப்பு முழுவதையும் கருவி தள்ளிவிடும். பழைய வலைப்பக்கங்களில் சமக்குறியும் மேற்கோள்குறியும் இல்லாத எளிய வடிவத்தைப் பார்ப்பீர்கள். அது முந்தைய காலத்தது, இரண்டையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள்.

ஏற்ற: ‘சூடோ ஐஆர்-கீடேபிள் --கிளியர் --ரைட்’, அதன்பின் கோப்பின் பெயர். ‘--ரீட்’ போட்டால் இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும்.

சோதனையில் எல்லாப் பட்டனும் சரியாக வருகிறது. ஆனால் ஓகே பட்டனும் வண்ணப் பட்டன்களும் டெஸ்க்டாப்பில் செத்துக் கிடக்கின்றன. ஏன்?

என்னிடம் மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான்.

கெர்னலில் ஒவ்வொரு கீக்கும் ஓர் எண் உண்டு (ரிமோட்டிலிருந்து வரும் ஸ்கேன்கோடு வேறு, இது வேறு). என்டர் 28, வால்யூம் ஏற்றம் 115, ஓகே 352, சிவப்பு 398, சேனல் ஏற்றம் 402. ரிமோட்டின் இலக்கப் பட்டன்களுக்கென்று தனியாக உள்ள நியூமெரிக் வகை 512இல் தொடங்குகிறது. லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கையாளும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் டெஸ்க்டாப் ஓடினால், எக்ஸ் இந்த எண்ணோடு 8ஐக் கூட்டி ஒரே ஒரு பைட்டுக்குள் அடக்க வேண்டும். ஒரு பைட்டில் 255க்கு மேல் போக முடியாது. ஆகவே 247ஐத் தாண்டிய எந்தக் கீயும் எக்ஸுக்கு வந்து சேராது. ரிமோட்டிலும் ரிசீவரிலும் பழுதில்லை, கீமேப்பும் சரிதான். எண் அந்த வாசலுக்குள் நுழையாத அளவுக்குப் பெரிது, அவ்வளவுதான். ஏற்கெனவே கிடக்கும் கீமேப்புகள் ஓகே, நியூமெரிக் போன்ற பெயர்களைத் தாராளமாகப் பயன்படுத்துவதால், நகலெடுத்தவர் எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள்.

மருந்து எளிது. சாதாரண கீபோர்டில் இருக்கும் கீ பெயர்களையே கொடுங்கள். ஓகேக்குப் பதில் என்டர். நியூமெரிக்_1க்குப் பதில் வெறும் 1. வண்ணங்களுக்கு எஃப்5 முதல் எஃப்8 வரை. இன்ஃபோ 358, அதற்குப் பதில் ஐ எழுத்து. படம், பாட்டு ஓட்டும் ‘கோடி’ என்ற புரோகிராமில் ஐ என்றால் தகவல், சி என்றால் சூழல் மெனு, எக்ஸ் என்றால் நிறுத்து, பேக்ஸ்பேஸ் என்றால் பின்னே போ.

நிறுத்து பட்டனில் இன்னொரு பொறி. ஸ்டாப் என்ற பெயரின் எண் 128, எல்லைக்குள்தான் இருக்கிறது, எக்ஸுக்கும் போய்ச் சேரும். ஆனால் அங்கே அது ‘கேன்சல்’ என்ற பொருளைப் பெறுகிறது, பிளேயர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. இசையை நிறுத்த ஸ்டாப்சிடி என்று கொடுங்கள், எண் 166.

எக்ஸுக்கு மாற்றாக வந்த புதிய அமைப்பான வேலாண்டில் இந்த 255 எல்லை இல்லை. ஆனால் எக்ஸுக்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் அதற்குள்ளும் எக்ஸ் வழியாகவே ஓடுவதால் அவற்றுக்கு அதே கதிதான். டெஸ்க்டாப்பே இல்லாமல் கோடியை மட்டும் ஓட்டும் லிப்ரெஎலெக் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

மறுதொடக்கம் செய்ததும் எல்லாம் போய்விடுகிறதே?

ரைட் கட்டளை நினைவகத்தில் உள்ள அட்டவணையைத்தான் மாற்றும். நிரந்தரமாக்க ஈடிசியில் உள்ள ஆர்சி_மேப்ஸ்.சிஎஃப்ஜி கோப்பில் ஒரு வரி சேருங்கள். மூன்று பத்தி: டிரைவரின் பெயர், அட்டவணையின் பெயர், உங்கள் கோப்பின் பெயர். நடுவில் நட்சத்திரக் குறி போட்டால் எந்த அட்டவணையாக இருந்தாலும் சரி என்று பொருள். ரிசீவர் தென்பட்டதும் யுடேவ் இந்தக் கோப்பைப் பார்த்து உங்கள் கீமேப்பை ஏற்றும். உங்கள் வரியை மேலே வையுங்கள். பொருந்தும் முதல் வரியோடு அது நின்றுவிடும்.

ரிமோட்டின் பவர் பட்டனை அமுக்கினால் கணினியே அணைந்துவிடுகிறது!

ஆமாம். பவர் என்ற கீ எங்கிருந்து வந்தாலும், கேபினட்டின் பட்டனை அமுக்கியதாகவே சிஸ்டம் எடுத்துக்கொள்ளக்கூடும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்ட் பகுதியில் ஹேண்டில்-பவர்-கீ என்ற அமைப்பு வழக்கமாக ‘பவர்ஆஃப்’ என்றே இருக்கும். அதை மாற்றினால் கேபினட் பட்டனும் மாறிவிடும். அதனால் கீமேப்பில் 408க்கு நேரே பவரை எடுத்துவிட்டு ஸ்லீப் போடுங்கள், அல்லது அந்த வரியையே நீக்குங்கள். எங்கள் வீட்டில் நீக்கிவிட்டேன். டிவியை அணைக்க நினைத்து அம்மா அமுக்கியதில், பாதி இறங்கியிருந்த ஒரு பெரிய கோப்பு போனது.

வால்யூமை அமுக்கிப் பிடித்தால் முதலில் நின்று நின்று ஏறுகிறது, விட்ட பிறகும் ஏறுகிறது.

கீபோர்டு போல ரிமோட் ‘விரலை எடுத்துவிட்டார்’ என்று தனியாகச் சொல்வதில்லை. என்இசி ரிமோட் பிடித்திருக்கும்வரை ஏறத்தாழ 108 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘இன்னும் பிடித்திருக்கிறார்’ என்று மட்டும் அனுப்பும். அது வராமல் போன பிறகுதான், கொஞ்ச நேரம் காத்திருந்து, கெர்னல் விரல் எடுத்ததாக முடிவுசெய்யும். அந்தச் சில கணங்களை நாம் சகித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் வேகத்தை மாற்றலாம்: இயல்பில் முதல் தாமதம் 500 மில்லிசெகண்ட், அப்புறம் 125க்கு ஒருமுறை. ‘--டிலே’, ‘--பீரியட்’ இரண்டும் அதற்கே. டிலேயை 300க்குக் கீழே கொண்டுபோனால் மெனுவில் ஒருமுறை அமுக்கியது இரண்டுமுறை நகரத் தொடங்கும் என்பது என் கை அனுபவம்.

ஒருமுறை அமுக்கினால் எப்போதுமே இரண்டுமுறை வேலை செய்கிறது. வேகத்தை மாற்றியும் போகவில்லை.

லிர்க் ஓடுகிறதா என்று பாருங்கள். கெர்னலுக்குள் ரிமோட்டைப் படிக்கும் வசதி வருவதற்கு முன்பு, லினக்ஸில் எல்லாரும் நம்பியிருந்தது லிர்க்கைத்தான். 2010 வாக்கில் கெர்னலிலேயே அந்த வேலை தொடங்கிய பிறகும் பழைய வழிகாட்டிகள் அதையே நிறுவச் சொல்கின்றன. கெர்னல் ஒருபக்கம் கீயாக அனுப்ப, லிர்க் இன்னொருபக்கம் அதே பட்டனைப் புரோகிராமுக்குச் சொல்ல, கோடி இரண்டையும் கேட்டு இரண்டடி நகரும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். என் வாக்கு கெர்னல் பக்கம்.

ஒரு பட்டனுக்கு ஆல்ட்+டேப் போலக் கூட்டுக் கீ கொடுக்கலாமா? புரோகிராமைத் திறக்க வைக்கலாமா?

கீமேப்பில் ஓர் எண்ணுக்கு ஒரு கீதான். பயன்படாத ஒரு கீயை அந்தப் பட்டனுக்குக் கொடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பின் ஷார்ட்கட் அமைப்பில் அந்தக் கீக்கு வேலையை ஒதுக்குங்கள். டெஸ்க்டாப்பைச் சாராமல் கட்டளை ஓட வேண்டும் என்றால் ட்ரிக்கர்ஹேப்பி என்ற சின்ன புரோகிராம் இருக்கிறது. கெர்னலிடமிருந்து நேராகக் கேட்பதால் 255 எல்லை அதற்குக் கிடையாது. சிவப்பு பட்டனை சிவப்பாகவே விட்டுவைக்கலாம்.

கணினிக்காக அமுக்கினால் டிவியும் ஆடுகிறது.

டிவியும் ரிசீவரும் ஒரே முகவரியைக் கேட்கின்றன. வீட்டில் இல்லாத ஒரு பிராண்டின் ரிமோட்டைப் பயன்படுத்துங்கள். யுனிவர்சல் ரிமோட் என்றால் இன்னும் நல்லது: வீட்டில் எந்தச் சாதனமும் கேட்காத ஒரு குறியீட்டை அதில் வைத்துவிட்டு, அதன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் மின்னுகிறது, ஆனால் டெஸ்டில் ஒரு வரியும் வரவில்லை.

வெயில் நேராக விழும் இடத்திலிருந்து ரிசீவரை முதலில் நகர்த்துங்கள். அதற்கும் வரவில்லையென்றால், கெர்னலுக்குத் தெரியாத முறையில் பேசும் ரிமோட்டாக இருக்கலாம். சில செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் அப்படி. ‘ஐஆர்-சிடிஎல் --ரிசீவ்’ போட்டால் துடிப்பின் நீளங்கள் பச்சையாக வரும். அவை வந்தால் ரிசீவர் நலம், மொழிதான் புரியவில்லை. 4.18 கெர்னலிலிருந்து புதிய முறைகளை பிபிஎஃப் என்ற வகைச் சிறு நிரலாக வெளியிலிருந்தே கெர்னலுக்குள் ஏற்றலாம். செய்து பார்க்க ஆசையிருந்தால் சரி. இல்லையென்றால் வேறு ரிமோட்டை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

விண்டோஸில்?

ஈவென்ட்கோஸ்ட் என்ற திறமூல புரோகிராம் நன்றாக இருக்கிறது. பட்டனை அமுக்கினால் பட்டியலில் வரும், அதன்மேல் வேலையை இழுத்துப் போடலாம். மீடியா சென்டர் விண்டோஸ் 10இல் நீக்கப்பட்டுவிட்டாலும் அந்தக் காலத்து ரிசீவர் அங்கே இன்னும் வேலை செய்யும்.

தூங்கும் கணினியை ரிமோட்டால் எழுப்ப முடியுமா?

பல எம்சிஇ (மீடியா சென்டர் காலத்து) ரிசீவர்களால் முடியும். இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும். சிஸ் அடைவில் அந்த யுஎஸ்பி சாதனத்துக்கான ‘பவர்’ உள்ளடைவில் ‘வேக்அப்’ கோப்பில் ‘எனேபிள்ட்’ என்று இருக்க வேண்டும். அதோடு, கணினி தூங்கும்போதும் யுஎஸ்பிக்கு மின்சாரம் போகும்படி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அமைத்திருக்க வேண்டும். ஈஆர்பி என்று ஒரு மின்சேமிப்பு வசதி இயக்கத்தில் இருந்தால் மின்சாரம் நின்றுவிடும். தூங்கவைத்த பிறகு மவுஸின் அடி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பயாஸுக்குள் போய்த் தேடுங்கள்.